துணைக்கு ஒரு பெண்

எனக்கு வாய் நீளம். பத்து பாகாட் என்ற ஊரில் நான் வேலை பார்க்கும் தையல் தொழிற்சாலையில் மேனேஜர்கூட என்னிடம் யோசித்துத்தான் பேசுவார். அப்படிப்பட்ட நான் வாயடைத்து நின்றது அம்மாவை எடுத்த அன்றுதான். அன்றைக்கு எனக்காக வாய் திறந்தவர் ஒரு பாஸ்டர். பெண் பாஸ்டர்.

நான் மாரியம்மன் கோயிலுக்குப் போகிறவள். இன்றைக்கும் அப்படித்தான். அம்மாதான் கடைசிக் காலத்தில் சர்ச்சுக்குப் போக ஆரம்பித்து, ஞானஸ்நானமும் எடுத்துக்கொண்டாள். சிறுநீரகம் பழுதாகி டயாலிசிஸ் போய்க்கொண்டிருந்த நாட்களில், எனக்கு ஷிப்ட் இருந்தால் அவளைக் காரில் கூட்டிப்போய்த் திரும்பக் கொண்டுவந்து விட்டவர் இந்தப் பாஸ்டரம்மா. ஆரம்பத்தில் அவரைக் கண்டாலே எனக்கு ஆகாது. "ஆள் புடிக்கத்தானே வர்றீங்க?" என்று வாசலிலேயே கேட்டுவிட்டேன்.

"நாலு மணி நேரம் பக்கத்துலயே உக்காந்திருக்கேன், உங்கம்மா நல்லா குறட்டை விடுறாங்க. எங்க லா புடிக்கிறது?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உள்ளே கூப்பிட்டுத் தேத்தண்ணீர் கலக்கிக் கொடுத்தேன்.

அவர் கதை அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். குளுவாங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். அப்பா அம்மா இரண்டு பேரும் பால்மரம் வெட்டியவர்கள். இறையியல் கல்லூரியில் படித்து, வெளிநாடு போய் டாக்டர் பட்டம் வாங்கி, திரும்பி வந்து அதே கல்லூரியில் பாஸ்டராகப் போகிற ஆண்களுக்குக் கிரேக்க மொழி கற்றுக்கொடுத்தார். அவரிடம் படித்த பையன்கள் எல்லாம் பாஸ்டர் ஆகிவிட்டார்கள். கற்றுக்கொடுத்தவருக்குக் குருப்பட்டம் கொடுக்கலாமா வேண்டாமா என்று மட்டும் கமிட்டி மேல் கமிட்டி போட்டுப் பேசிக்கொண்டே இருந்தார்களாம். கேட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நீங்க ஏன் சும்மா இருந்தீங்க?" என்றேன் அவரிடமே.

"சும்மா எங்க இருந்தேன்? அவங்க பரீட்சைத் தாளெல்லாம் திருத்திக்கிட்டு இருந்தேன்."

கடைசியில் பட்டம் கிடைத்ததும், கல்லூரி வேலையை விட்டுவிட்டு எங்கள் ஊரின் சின்னச் சபையைத் தானாகவே கேட்டு வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார்.

அம்மா போனது ஒரு செவ்வாய்க்கிழமை. அவளைக் குளிப்பாட்டி, சோறூட்டி, மூத்திரம் மலம் எடுத்ததெல்லாம் நான். அண்ணனுக்குச் சிங்கப்பூரில் வேலை. பெருநாளுக்கு வருவான், போவான். காரியத்தை நடத்தச் செனாயிலிருந்து மாமா வந்து இறங்கினார். அம்மாவின் ஒரே தம்பி. எங்கள் குடும்பத்தில் அவர் சொன்னால் சொன்னதுதான். அக்காவின் கடைசி ஆசை என்பதால் கிறிஸ்தவ முறையில் அடக்கம் செய்ய அரைமனதாக ஒத்துக்கொண்டார். பந்தலில் நின்றுகொண்டு, வெள்ளை அங்கியோடு எதிரே நின்றவரிடமே, "பாஸ்டர் எப்ப வருவாரு?" என்று கேட்டார்.

"வந்தாச்சுங்க ஐயா. நான்தான்."

மாமா அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் போய் நாற்காலியை நகர்த்தினார்.

மறுநாள் பெட்டியை வேனில் ஏற்றும் நேரம் வந்தது. "பொம்பளைங்க எல்லாம் வாசக் கேட்டோட நின்னுக்குங்க," என்று மாமா சத்தம் போட்டார்.

"மாமா, நானும் வர்றேன். ஒரு பிடி மண்ணு போட்டுட்டு வந்துர்றேன்."

"நம்ம குடும்பத்துல பொம்பள சுடுகாட்டுக்கு வந்த கதை உண்டா? ஆம்பிளப் புள்ள இருக்கான், அவன் போடுவான்."

அண்ணன் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தான். வேறு நாளாக இருந்தால் மாமாவை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பேன். அன்றைக்கு ஒரு சொல் வரவில்லை. அம்மாவின் கடைசி வேலையை மட்டும் என் கையிலிருந்து பிடுங்குகிறார்களே என்று பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பாஸ்டரம்மா வேன் அருகே போனவர் திரும்பி மாமாவிடம் வந்தார். வேதத்தைத் திறந்து நாலு வசனம் சொல்லப்போகிறார், மாமா எகிறப்போகிறார் என்று பயந்தேன்.

"ஐயா, ஒரு சின்ன உதவி. வேன்லயும் சரி, அங்கயும் சரி, எல்லாரும் ஆம்பிளைங்க. சபைப் பொம்பளைங்க நேத்தே வந்து பாடிட்டுப் போயிட்டாங்க, இன்னிக்கு வேலை நாள். நான் ஒத்தப் பொம்பள எப்படி வர்றது? துணைக்கு ஒருத்தங்கள அனுப்புங்களேன்."

"அட, அதுக்கென்ன, தாராளமா! பொம்பளைய நாங்க தனியா அனுப்புவோமா? யாரு வேணுமோ கூட்டிக்குங்க," என்றார் மாமா, பெரிய மனிதத் தோரணையில்.

"அப்ப இவங்க வரட்டும்," என்று பாஸ்டரம்மா என் தோளில் கை வைத்தார்.

மாமா வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார். சொன்னதைத் திருப்பி எடுக்க முடியவில்லை. வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுவது என்பார்களே, அதை அன்றுதான் கண்ணால் பார்த்தேன்.

சபைச் செயலாளர் பிற்பாடு ஒரு விஷயம் சொன்னார். பாஸ்டரம்மா டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்ததே, இயேசுவின் கல்லறைக்கு விடியற்காலையில் முதலில் போன பெண்களைப் பற்றித்தானாம். அத்தனை வருடம் படித்த படிப்பு. அன்றைக்கு அதில் ஒரு வரியைக்கூட அவர் எடுத்து விடவில்லை. எடுத்து விட்டிருந்தால் வாதத்தில் அவர் ஜெயித்திருப்பார், நான் கேட்டோடு நின்றிருப்பேன். படித்தவர் என்றால் அவரல்லவா படித்தவர்!

கல்லறைத் தோட்டத்தில் மழை பிசுபிசுத்தது. ஜெபம் முடிந்து அண்ணன் மண் போட்டதும், பாஸ்டரம்மா குனிந்து ஒரு பிடி செம்மண் எடுத்து என் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டார். நிதானமாகப் போட்டேன். மண் கையை விட்டுப் போனபோதுதான் அம்மா போய்விட்டாள் என்பதை என் மனம் நம்பியது. வாய்விட்டு அழுதேன். யாரும் என்னை அடக்கவில்லை. மாமாவும்தான்.

வீட்டுக்குத் திரும்பியதும் பாஸ்டரம்மா அங்கியைக் கழற்றி மடித்துக்கொண்டு தன் பழைய காரில் ஏறினார். குளுவாங்கில் இன்னொரு வீட்டில் ஜெபமாம்.

"இருட்டப் போவுது. தனியாவா போறீங்க?" என்றார் மாமா.

"ஆமாங்க ஐயா. இத்தனை வருஷமா அப்படித்தான்."

கார் போய்விட்டது. மாமா ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். "அலமாக்! அப்ப துணை வேணும்னது?"

அந்தத் துக்கத்திலும் எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மாமா என்னை முறைத்தார். பிறகு பந்தலில் உட்கார்ந்து, என் கையில் இன்னும் ஒட்டியிருந்த மண்ணைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அவருக்குப் பிறந்தது இரண்டும் பெண்கள்.

"நான் போறப்ப என் ரெண்டு பொண்ணுங்களையும் சுடுகாட்டுக்கு நீயே கூட்டிட்டு வந்துரு," என்றார். "துணை கிணைன்னு யாருகிட்டயும் கேட்டுக்கிட்டு நிக்காதீங்க."