உச்சிப்புளித் தோப்பில் பூச்சியே கிடையாது

"ராமேஸ்வரம் போயிட்டு வந்தீங்களாமே, புண்ணியம் கிடைச்சுதா?" என்று ஆபீஸில் விசாரிக்கிறார்கள். கிடைத்தது. முதுகு, கழுத்து, காது மடல் என்று உடம்பெல்லாம் தடிப்புத் தடிப்பாகக் கிடைத்தது.

கொடுத்தது ராமேஸ்வரம் அல்ல. திரும்பி வரும் வழியில், உச்சிப்புளிக் கடற்கரையில் இருக்கும் ஒரு தென்னந்தோப்பு.

தோப்புக்காரர் கமுதியில் பெரிய பருத்தி வியாபாரி. என் மனைவி வழியில் தூரத்து உறவு. அவருடைய மகன் ராஜேந்திரன் பரமக்குடியில் மாட்டு டாக்டர். எங்கள் மகள் வசந்தா இந்த வருஷம்தான் காலேஜ் முடித்திருக்கிறாள். இதற்கு மேல் நான் விளக்க வேண்டுமா?

பெண் பார்க்க முறையாக வருவது என்றால் பஜ்ஜி, கேசரி, தெருவெல்லாம் பேச்சு... அது வேண்டாம் என்று கமுதிக்காரர் நாகரிகமாக ஒரு யோசனை சொன்னார். நாங்கள் ராமேஸ்வரத்தில் தீர்த்தமாடிவிட்டு, உச்சிப்புளியில் இறங்கி, தோப்பு வீட்டில் தங்கிக் காற்று வாங்க வேண்டியது. பையன் தற்செயலாக அங்கே வந்து சேருவான்.

"தற்செயலா எந்த பஸ்ஸுல வர்றாராம்?" என்று கேட்டாள் வசந்தா. அவள் அம்மா முறைத்தாள்.

ஸ்டேஷனுக்கே வில்வண்டியோடு வந்து அழைத்துப் போனார் கமுதிக்காரர். பிற்பகல் நேரம். தென்னைகளைப் புரட்டி எடுத்துக்கொண்டிருந்தது காற்று. மணலில் சாய்வு நாற்காலிகளைப் போட்டு எங்களை உட்கார வைத்துவிட்டு, கையை விரித்துக் கடலைக் காட்டினார் – சொந்தக் கடலைக் காட்டுகிற மாதிரி.

"இங்கன பூச்சி பொட்டு ஒண்ணும் அண்டாதுங்க. காத்து அள்ளிக்கிட்டுப் போயிரும். கமுதியில கொசுக்கடி தாங்காமத்தான் இந்தத் தோப்பையே வாங்கினேன்."

அவருடைய மனைவி ஏதோ சொல்ல வாயெடுத்தார். கணவரின் முகத்தைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார்.

பொழுது சாயும் வரை அவர் சொன்னது சத்தியம். பொழுது சாய்ந்தது, காற்று நின்றது. வந்தன.

கடுகில் பாதிகூட இருக்காது. சத்தமும் கிடையாது. கொசுவுக்காவது ஒரு மரியாதை தெரியும், காதோரம் பாடிவிட்டுக் கடிக்கும். இது எங்கே உட்கார்ந்தது என்று தெரிவதற்குள் நெருப்புப் பொறி விழுந்த மாதிரி எரியும். எரிச்சல் அடங்கியதும் அரிப்பு ஆரம்பமாகும்.

சொறிய வேண்டியதுதானே என்பீர்கள். எப்படிச் சொறிவது? சம்பந்தி ஆகப் போகிறவர் எதிரே உட்கார்ந்து, பூச்சியே கிடையாது என்று இப்போதுதான் சொல்லி முடித்திருக்கிறார். நான் தோள் துண்டை அடிக்கடி சரிசெய்தேன். கால்மேல் கால் போட்டேன், எடுத்தேன், மறுபடி போட்டேன். என் மனைவி கதாகாலட்சேபம் கேட்கிறவள் மாதிரி முந்தானையைத் தலையோடு போர்த்திக்கொண்டாள். கமுதிக்காரர் மட்டும் சிலை மாதிரி உட்கார்ந்து பருத்தி விலை பேசிக்கொண்டிருந்தார். ஆனால் அவருடைய கால் கட்டைவிரல் மற்றக் காலின் கணுவை நிதானமாகத் தேய்ப்பதை நான் பார்த்தேன்.

காலையில் என் மனைவிக்கு ஒரு கண் திறக்கவில்லை.

"தண்ணி மாத்தம்," என்றாள் அவளே, பெருந்தன்மையாக.

"மொத நாளு உப்புக்காத்து அப்படித்தான் பண்ணும்," என்றார் கமுதிக்காரர்.

நான் ராமேஸ்வரத் தீர்த்தங்களின் மேல் பழியைப் போட்டேன். தீர்த்தம் சண்டைக்கு வராதே. வசந்தா எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தாள். சொறிந்துகொள்ள உள்ளே போனாள்.

மாலையில் ராஜேந்திரன் தற்செயலாக வந்து சேர்ந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, படிய வாரிய தலை. எங்களுக்கு வணக்கம் சொல்லிவிட்டு அடக்கமாக நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். மறுபடியும் அதே மணல், அதே நாற்காலிகள். மறுபடியும் காற்று நின்றது.

"உத்தியோகமெல்லாம் எப்படிப் போகுது, தம்பி?" என்று கேட்டாள் என் மனைவி.

அவர் பதில் சொல்ல ஆரம்பித்தார். பாதியில் கழுத்தில் பட்டென்று அடித்துக்கொண்டார். குனிந்து கணுக்காலைப் பரபரவென்று சொறிந்தார். பிறகு தகப்பனாரைப் பார்த்து, "அய்யா, இம்புட்டுப் பூச்சி கடிக்குது, எப்படி உக்காந்திருக்கீக?" என்றார்.

"எங்கன கடிக்குது? இங்க யாரையும் கடிக்கலை. ஒன்னைய மட்டும் தேடி வந்து கடிக்குதாக்கும்?"

"மாட்டைக் கொண்டாந்து கட்டினாக்கூட கயித்த அத்துக்கிட்டு ஓடிரும் அய்யா. அதுக்காவது வால் இருக்கு."

காபித் தட்டோடு வந்துகொண்டிருந்த வசந்தா சிரித்துவிட்டாள். அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை.

கமுதிக்காரர் முகம் இறுகியது. நாற்காலியை என் பக்கம் திருப்பினார்.

"நீங்க சொல்லுங்க. நேத்திலேருந்து இங்கனதான இருக்கீக? ஒரு பூச்சி ஒங்களக் கடிச்சிருக்கா?"

நல்ல இக்கட்டு. கடித்தது என்றால் தகப்பனாருக்கு அவமானம். கடிக்கவில்லை என்றால் பையன் பொய்யன். வாராவாரம் இந்தப் பக்கத்தில் ஊருக்கெல்லாம் உள்ளதைப் பேசச் சொல்லி எழுதுகிறவன் நான். என்ன சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறீர்கள்?

"அப்படி ஒண்ணும் தெரியலையே... காத்துகூட நல்லா வருது," என்றேன். ஒரு தென்னங்கீற்று அசையவில்லை.

வசந்தா என் கையில் காபியைக் கொடுத்தாள். "அப்பா, உங்க காதுல ரத்தம் வருது," என்றாள்.

நான் துண்டால் காதைத் துடைத்துக்கொண்டேன். முதலில் பேசியது கமுதிக்காரரின் மனைவி.

"போதுங்க. இந்தத் தோப்ப வாங்கின நாள்லேருந்து நானும் கடிக்குது, கடிக்குதுன்னு சொல்லிக்கிட்டு வாரேன். இவுக காதுல ஏறுனாத்தான? பாவம், அந்த அம்மா மொகம் வீங்கிக் கெடக்கு." சொல்லிவிட்டு, இரண்டு கைகளாலும் முழங்கைகளைத் தாராளமாகச் சொறிய ஆரம்பித்தார். என் மனைவி முந்தானையை உதறிவிட்டுச் சேர்ந்துகொண்டாள். நானும்தான். அதைவிடச் சுகம் ஒன்று உலகத்தில் இருப்பதாக அந்த நிமிஷம் எனக்குத் தோன்றவில்லை.

கமுதிக்காரர் எழுந்தார். எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கடலைப் பார்த்து நின்றார். நாங்கள் ஒவ்வொருவராகக் கையை நிறுத்தினோம். என் மனைவி என்னைப் பார்த்தாள். இந்தச் சம்பந்தம் அவ்வளவுதான் என்று அவள் கண் – திறந்திருந்த கண் – சொன்னது. வண்டியைக் கட்டச் சொல்லப் போகிறார் என்றுதான் நானும் நினைத்தேன்.

அவர் திரும்பாமலே, தணிந்த குரலில் மகனைக் கூப்பிட்டார்.

"ஏலே, நடு முதுகுல கை எட்டலை. கொஞ்சம் சொறிஞ்சு விடு."

மகன் போய்ச் சொறிந்துவிட்டார். கமுதிக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு வீட்டுக்குள் போய், வேப்பிலைப் புகையில் இருமிக்கொண்டே சாப்பிடும்போது, அவரே சொன்னார்: "வாங்கின ஜோருல ஊரு பூராம் பெருமை பேசிட்டேங்க. அப்புறம் எந்த மொகத்த வச்சுக்கிட்டுக் கடிக்குதுங்கறது?"

நியாயமான கேள்விதானே? பெருமையாகப் பேசி உட்கார்ந்த நாற்காலியிலிருந்து எழுந்திருக்க முடியாமல், அசையாமல் கடி வாங்குகிறவர்கள் கமுதியில் மட்டுமா இருக்கிறார்கள்? எங்கள் ஆபீஸிலேயே நாலைந்து பேரைக் காட்டுவேன்.

திரும்பும் ரயிலில் என் மனைவிக்கு இன்னும் கொஞ்சம் தயக்கம். "பையன் நல்லவன்தான். ஆனா பெரியவங்க முன்னாடி படபடன்னு பேசிடுறானே... உனக்கு எப்படிம்மா தோணுது?"

"கடிச்சா கடிக்குதுன்னு சொல்ற ஆளும்மா. எனக்குச் சம்மதம்," என்றாள் வசந்தா.

தையில் கல்யாணம். மதுரையில்தான். தோப்பில் வைத்துக்கொள்ளலாமே என்று யாரும் சொல்லவில்லை, கமுதிக்காரர் உட்பட.

அன்றைக்கு ரயில் பரமக்குடியைத் தாண்டும்போது என் மனைவி பெருமூச்சு விட்டாள். "நம்ம கல்யாணத்துக்கு முன்னாடி எங்க அப்பாவும் உங்களை ஒரு சாயங்காலம் அந்த மணல்ல உட்கார வச்சுப் பார்த்திருக்கலாம்," என்றாள்.