தொண்டையில் கட்டிய பனி

வசீலியைப் பற்றி எழுதப்போகிறேன் என்றதும் அவர் மனைவியே சிரித்துவிட்டார். எழுத என்ன இருக்கிறது? வடகோடிப் பனிநாட்டில், குஸ்கோக்விம் ஆற்றோரத்து எங்கள் ஊரில், ஓடுபாதைக்குப் பக்கத்துத் தகரக் கொட்டகையில், இருபத்தெட்டு வருடமாகக் குட்டி விமானங்களின் எஞ்சினைக் கழற்றி மாட்டுகிறார். அவருடைய சாதனைகள் எல்லாமே நடக்காமல் போனவை. விழாத விமானம், அடிக்காத சாவுமணி. நடக்காததற்கு யாரும் பதக்கம் குத்துவதில்லை. வெளியே போகச் சாலையே இல்லாத இந்த ஊரில், வானத்தில் போய் உயிரோடு இறங்கிய ஒவ்வொருவரும் அவரிடம் சொல்ல மறந்த நன்றியை நானாவது எழுதி வைக்கிறேன்.

அவருக்கு இன்னொரு வேலையும் உண்டு. தாய்மாமன் மகன் நிக்கிஃபரைக் கிண்டல் செய்வது. இந்த ஊரின் பூர்வகுடிகளான யூப்பிக் மக்களிடம் அது உரிமை மட்டுமல்ல, கடமை. தப்புச் செய்தவனை அப்பன் திட்டமாட்டான்; மச்சான்தான் ஊர் சிரிக்க வைப்பான். கோபப்பட்டவன் தோற்றவன்.

நிக்கிஃபர் விமானி. நாலு பேர் உட்காரும் சொந்த விமானம். அந்தச் செப்டம்பரில் இரண்டே வாரத்தில் மூன்று முறை நடுவானில் எஞ்சின் இருமி, வேகம் குறைந்து, அவர் வந்த வழியே திரும்பினார். மூன்று முறையும் கொட்டகை வாசலில் நின்று, எஞ்சினுக்குக் காசநோய் என்றார். வசீலி மூன்று முறையும் திறந்து பார்த்தார். காற்று வடிகட்டி சுத்தம். குழாயில் கீறல் இல்லை. ஒன்றுமே இல்லை. குற்றவாளி, தரையிறங்குவதற்குள் சாட்சியத்தோடு சேர்ந்து உருகி ஓடியிருந்தான்.

எஞ்சினுக்குள் காற்று போகும் வழி சின்னதுதான். விமானத்தின் மூக்குக்குக் கீழே ஒரு துவாரம், அங்கே வடிகட்டி, அதைத் தாண்டினால் கார்புரேட்டர். அதன் தொண்டை ஓரிடத்தில் குறுகும். குறுகிய இடத்தில் காற்று விரைந்து ஓடும், பெட்ரோலை உறிஞ்சி ஆவியாக்கும். அந்த ஆவி, போகிற போக்கில் சூட்டையும் பறித்துக்கொள்ளும். வெளியே எட்டு டிகிரி இருந்தாலும் தொண்டைக்குள் உறைநிலைக்குக் கீழே போய்விடும். காற்றில் ஈரம் இருந்தால் அங்கே பனி கட்டும். வழி அடைபட்டு எஞ்சின் திணறும்.

வசீலி இதைச் சொன்னதும், செப்டம்பரில் பனியா என்று நிக்கிஃபர் சிரித்தார். ஆற்றுப் பனியின் நிறத்தைப் பார்த்தே எங்கே கால் வைக்கலாம் என்று சொல்லும் கூட்டம் இது. பனி விஷயத்தில் இவர்களை ஏமாற்றுவதுதான் மிகச் சுலபம். மைனஸ் முப்பதில், வறண்ட காற்றில், அதே எஞ்சின் அழகாக ஓடும். தூறல் போடும் இதமான நாளில்தான் தொண்டை கட்டும்.

இந்தக் காசநோய் எஞ்சினில் இனி ஏறமாட்டேன் என்று நிக்கிஃபர் சபதம் போட்ட வாரத்தில்தான், வசீலியின் எட்டு மாதக் கர்ப்பிணி மகள் மத்ரோனாவுக்கு ரத்த அழுத்தம் ஏறியது. நாளைக்குள் பெத்தல் நகர ஆஸ்பத்திரியில் இருந்தாக வேண்டும் என்றார் நர்ஸ். வாராவாரம் வரும் விமானம் பழுதாகி எங்கோ நின்றது. ஊரில் இருந்தது நிக்கிஃபருடையது மட்டும்.

அன்று சாயங்காலம் ஆண்கள் நீராவிக் குளியலுக்கு உட்கார்ந்தார்கள். வசீலி வேண்டுமென்றே கதவை மறித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"மச்சான், எஞ்சின் இருமும்போது சூட்டுக் குமிழை இழுத்தியா?"

"இழுத்தேன். இன்னும் மோசமாச்சு. பதறிப்போய் உடனே உள்ள தள்ளிட்டேன்."

வசீலி கண்ணை மூடிக்கொண்டார். நோய் பிடிபட்டுவிட்டது. அந்தக் குமிழை இழுத்தால் உள்ளே ஒரு மடிப்புக் கதவு திரும்பி, வடிகட்டிப் பக்கத்தை மூடிவிட்டு, புகைக்குழாயைச் சுற்றிச் சூடேறிய காற்றை உள்ளே விடும். தொண்டைப் பனி உருகும். உருகிய தண்ணீர் எஞ்சினுக்குள்தானே போகும்? அரை நிமிஷம் முன்னைவிட மோசமாக இருமத்தான் செய்யும். அந்த அரை நிமிஷம்தான் மருந்து வேலை செய்யும் நேரம். நிக்கிஃபர் மூன்று தடவையும் மருந்தைத் துப்பிவிட்டு வைத்தியனைத் திட்டியிருக்கிறார்.

வசீலி ஒரு அகப்பைத் தண்ணீரை, அடுப்பில் காய்ந்த கல்லின் மேல் ஊற்றினார். ஆவி எழுந்தது. நிக்கிஃபர் இருமிக்கொண்டு கதவுப் பக்கம் நகர்ந்தார்.

"பாருங்கய்யா, ஓடுறான். முதல் சூட்டுக்கே ஓடுற ஆளுக்குப் போய் எங்க மாமா ஒரு பொண்ணத் தேடிக் கட்டி வெச்சாரு. உக்காருடா. இன்னும் கொஞ்சம் மூச்சு விட்டீன்னா நெஞ்சு தானாத் தெளியும். உன் எஞ்சினுக்கும் அதேதான்."

ஆறு பேர் சிரித்தார்கள். நிக்கிஃபருக்கு முகம் சிவந்தது, சூட்டினால் என்று வைத்துக்கொள்வோம். கோபப்பட முடியாது.

"அவ்ளோ தைரியம் இருந்தா நீயும் வா. உன் பொண்ணு பின்னாடி, நீ என் பக்கத்துல."

"வரேன்."

மறுநாள் காலை தூறல். கிளம்பி இருபது நிமிஷத்தில், எதிர்பார்த்தது போலவே, எஞ்சினின் சுற்று வேகம் காட்டும் முள் மெல்ல இறங்கியது. நிக்கிஃபர் குமிழை முழுக்க இழுத்தார். எஞ்சின் இருமியது, உதறியது, விமானமே ஒரு குலுக்குக் குலுங்கியது. கீழே சதுப்பு, ஏரி, சதுப்பு. நிக்கிஃபரின் வலது கை தானாகக் குமிழுக்குப் போனது.

வசீலி அந்தக் கையைப் பிடிக்கவில்லை. பையிலிருந்து காய்ந்த சால்மன் துண்டு ஒன்றை எடுத்து அதில் திணித்தார்.

"இந்தா. தின்னுட்டு அப்புறம் தள்ளு."

கையில் மீனை வைத்துக்கொண்டு எதைத் தள்ளுவது? நிக்கிஃபர் விழித்தார். எஞ்சின் இன்னும் இரண்டு முறை கனைத்தது. பிறகு தொண்டையைச் சரிசெய்துகொண்டவன் போலச் சீராக முழங்க ஆரம்பித்தது. முள் ஏறியது.

"எனக்கு இல்லையா?" என்றாள் மத்ரோனா பின்னாலிருந்து. என்ன நடந்தது என்றே அவளுக்குத் தெரியாது.

அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று. பயப்பட ஒன்றுமில்லை, தாமதிக்காமல் கொண்டுவந்தீர்கள் என்றார் டாக்டர். வசீலி மகளுடன் தங்கினார். நிக்கிஃபர் தனியாகத் திரும்பினார், அதே மேகத்துக்குள்.

ஒரு மணி நேரப் பயணம். வசீலி ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் ஜன்னலைப் பார்த்தபடி அதைத் தாண்டியும் உட்கார்ந்திருந்தார். மகள் பத்திரம், இப்போது கவலை மச்சானைப் பற்றித்தான். கடைசியில் போன் அடித்தது.

"இறங்கிட்டேன்."

"இருமுச்சா?"

"இருமுச்சு. ரெண்டு தடவை."

"தள்ளினியா?"

"தள்ளல. இருமித் தொலைக்கட்டும்னு விட்டுட்டேன். சரியாயிடுச்சு."

நாற்பது வருடக் கிண்டலில் அடுத்தது எது என்று மறுமுனை காத்திருந்தது.

"ரொம்ப நன்றி மச்சான். எம் பொண்ணக் கொண்டுவந்து சேத்ததுக்கு."

நிக்கிஃபர் குரல் பதறியது.

"என்னாச்சு உனக்கு? ஆஸ்பத்திரியிலதானே இருக்க, அப்படியே நீயும் உடம்பக் காட்டிட்டு வா."