ஆற்றுக்கு அந்தப் பக்கம் நாலு மில்லிமீட்டர்

என் தம்பி கொர்பினியனுக்கு அறுபத்தாறு வயதில் காதல் வந்தது. வரட்டும், வரக் கூடாதென்று யார் சொன்னது? வந்த இடம்தான் சங்கடம். நாங்கள் இருப்பது இன் ஆற்றுக்கு இந்தப் பக்கம், பவேரியாவில். அவன் மனசு போனது அந்தப் பக்கம், ஆஸ்திரியாவில், மலைச்சரிவின் கடைசி வீட்டில் தனியாக இருக்கும் நோட்பூர்காவிடம். பாலத்தைத் தாண்டினால் பேச்சும் அதேதான், சாப்பாடும் அதேதான். சட்டம் மட்டும் வேறு.

வேலைக்காலம் முழுக்க மர அறுவை மில்லில் கழித்தவன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மாடியில் அவன், கீழே நான். வாயைத் திறந்து நாலு வார்த்தை பேச வைப்பதற்குள் நமக்குப் பசி எடுத்துவிடும். ஆனால் கைவேலை அத்தனை சுத்தம். அக்டோபரில் பனிரோட்டில் வழுக்காத பனி டயர், ஈஸ்டருக்குக் கோடை டயர் என்று எங்கள் ஊரே மாற்றும். எல்லோரும் கடையில் வரிசையில் நிற்க, இவன் கராஜில் ஜாக்கி வைத்துத் தானே மாற்றுவான். கழற்றிய டயரில் அது எந்தச் சக்கரம் என்று சாக்பீஸால் எழுதி அடுக்குவான். அப்பேர்ப்பட்ட மனுஷன் சனிக்கிழமை தவறாமல் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு பாலம் தாண்டினான். எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? காட்டிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

நோட்பூர்காவுக்கும் அவன் மேல் பிரியம்தான். ஆனால் அவள் புருஷன் அதே மலைப்பாதையில் கார் வழுக்கிச் செத்துப் போனவன்.

"உங்களைக் கட்டிக்க எனக்கு ஆசை இல்லாம இல்ல" என்று சொல்லியிருந்தாள். "ஆனா ஒருத்தரை ரோட்டுல விட்டுட்டு வீட்டுக்குள்ள பதறிக்கிட்டு இருக்கறது இன்னொரு தடவை என்னால ஆகாது. கிறிஸ்துமஸுக்குள்ள யோசிச்சுச் சொல்றேன்."

அந்த வருஷம் அவன் பனி டயர் மாட்டும்போது கராஜுக்குப் போனேன். ஒரு யூரோ காசை டயர் பள்ளத்தில் செருகிப் பார்த்தேன். காசின் தங்க நிற ஓரம் வெளியே தெரிந்தது. மூன்று மில்லிமீட்டர்கூட மிச்சமில்லை என்று அர்த்தம்.

"ஏன்டா, மொட்டையாப் போச்சேடா இது!"

"சட்டம் ஒன்னு புள்ளி ஆறுதான் கேக்குது அக்கா. இதுல தாராளமா இருக்கு. ஓரத்துல பாரு, பனி டயர்னு மலையும் பனிப்பூவும் போட்ட முத்திரை. வேற என்ன வேணும்?"

"சட்டமா வந்து உன் வண்டியைப் பிடிச்சு நிறுத்தப் போகுது?"

"முதல்ல உன் வாய்க்கு ஒரு பிரேக் மாட்டணும்."

போய்த் தொலை என்று நானும் விட்டுவிட்டேன்.

டிசம்பர் முதல் சனிக்கிழமை நல்ல பனி. நான் செய்து கொடுத்த ஆப்பிள் கேக்கோடு கிளம்பினான். பாலம் தாண்டி, மலையடிவாரத்தில் ஆஸ்திரியப் போலீஸ் மறித்தது. ஒரு இளவட்டம் குனிந்து டயர் பள்ளத்தை அளந்து பார்த்தான்.

"ஐயா, பனிக்காலத்துல இங்க நாலு மில்லிமீட்டர் வேணும். அதுக்குக் கீழ போனா எங்க கணக்குல இது கோடை டயர்."

"ஆத்துக்கு அந்தப் பக்கம் இது செல்லுமே தம்பி!"

"அப்ப ஆத்துக்கு அந்தப் பக்கமே ஓட்டுங்க. இதை வச்சு மேல ஏற விட மாட்டேன்."

அபராதம் கட்டி, காரை ஓரம் கட்டிவிட்டு, இந்தப் பிடிவாதக்காரன் கேக்கைத் தூக்கிக்கொண்டு நடந்தே ஏறினான். தலையெல்லாம் பனியோடு, காரில்லாமல் வந்து நின்றவனைப் பார்த்து அவளுக்கு உயிரே போய்விட்டது.

"கார் எங்க? அடி பட்டுச்சா?"

"அதெல்லாம் இல்ல. எங்க சட்டப்படி நல்ல டயர்தான். உங்க ஊர்ப் போலீஸ்தான்..."

அவள் அடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாளாம். "அவரும் இதேதான் சொன்னாரு. இது போதும்னு" என்றாள். தேநீர் கொடுத்தாள். குடித்து முடித்ததும், "இனிமே வராதீங்க" என்றாள்.

வீட்டுக்கு வந்தவன் ராத்திரிச் சாப்பாட்டுக்கு நான் செய்து வைத்த ரொட்டி உருண்டையைத் தொடவில்லை. திட்டலாம் என்று வாயைத் திறந்தேன். அவன் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டேன். பாவி, இப்படியா கெடுத்துக்கொள்வாய்?

திங்கட்கிழமை என்னையும் கூட்டிக்கொண்டு டயர் கடைக்குப் போனான். பிறந்ததிலிருந்து முதல் தடவை. கடைக்காரர் வின்சென்ஸ் எங்கள் ஊர்க்காரர்.

"வருஷம் பூரா ஓட்டற ஒரே டயரும் இருக்கு. அதுலயும் பனிப்பூ முத்திரை உண்டு. நீ எங்கெங்க ஓட்டுவ?"

"ஒரு வீட்டுக்கு."

"அந்தப் பக்கம், சரிவுல கடைசி வீடு" என்று நான் எடுத்துக் கொடுத்தேன்.

வின்சென்ஸ் பேச்சை மாற்றிவிட்டார். "அந்த ஏத்தமா? அப்ப அசல் பனி டயர்தான். குளிர்ல கல்லா இறுகாத ரப்பர். நாலும் புதுசாப் போடணும். நாலு மில்லிமீட்டர் வந்தா மாத்திடு."

"அஞ்சு வந்தாலே மாத்திடறேன்" என்றான் என் தம்பி. நான் அவனையே பார்த்தேன்.

அன்றைக்கே அவளுக்குப் போன் போட்டான். பக்கத்து அறையில் நான் மூச்சு விடாமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"புது டயர் போட்டிருக்கேன். எந்த ஊர்ச் சட்டம் என்ன சொன்னாலும் இனிமே பாதி தேயறதுக்குள்ள மாத்திடுவேன். சனிக்கிழமை மத்தியானம் வர்றேன். கதவு சாத்தியிருந்தா திரும்பிடறேன்."

அந்தப் பக்கத்திலிருந்து "மெதுவா வாங்க" என்று மட்டும் வந்ததாம்.

சனிக்கிழமை பனி கொட்டோ கொட்டென்று கொட்டியது. எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. இருட்டுகிற நேரத்தில் கார் வந்து நின்றது. பூட்ஸைக்கூடக் கழற்றாமல் சமையலறையில் வந்து உட்கார்ந்தான்.

"என்னடா ஆச்சு? கதவு?"

"திறந்துதான் இருந்துச்சு."

"அவ என்ன சொன்னா?"

"அடுப்புப் பக்கத்துல பெஞ்சுல தூங்கிக்கிட்டு இருந்தா. எழுப்ப மனசு வரல. கொஞ்ச நேரம் பக்கத்துல உக்காந்திருந்தேன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இந்தப் பனியில நீ உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு ஏறிப் போற, மகாராணிக்குத் தூக்கம் கேக்குதா?"

"ஆமாக்கா" என்றான். அவன் கண் நிறைந்திருந்தது. "நான் ரோட்டுல இருக்கேன்னு தெரிஞ்சும் பதறாம தூங்கிட்டாக்கா."