மாடி வீட்டு எலுமிச்சைத் தண்ணி

எங்கள் மாடியில் குடியிருந்தவள் சிதம்பரத்துக்காரி. ஒல்லியாக இருப்பாள், கையில் எப்போதும் ஈரம். கடை பினாயிலைத் தொட மாட்டாள். எலுமிச்சைத் தோலை வெல்லத் தண்ணியில் மாசக்கணக்கில் ஊறப்போட்டு, அதை ஊற்றித்தான் வீடு துடைப்பாள். தினமும் காலையில் பாட்டில் மூடிகளைத் திறந்து, உள்ளே சேர்ந்த காத்தை வெளியே விடுவாள்.

ஒரு தடவை ஊருக்குப் போய் நாலு நாள் தங்கிவிட்டாள். நாலாம் நாள் மத்தியானம் மேலே டமாரென்று சத்தம், கூடவே புளிச்ச நெடி. பக்கத்துச் செம்மங்குப்பத்தில் ஏதோ கெமிக்கல் கம்பெனிதான் வெடித்து விஷக்காத்து வருகிறது என்று நினைத்துவிட்டேன். நான் லேசில் பயப்படுகிறவள் இல்லை. ஆனால் படுத்த படுக்கையாய்க் கிடந்த என் வீட்டுக்காரரைத் தூக்க முடியவில்லை.

"நீயாவது ஓடுடி" என்றார்.

ஈரத்துணியால் அவர் மூக்கை மூடிவிட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் ஊரிலிருந்து பஸ் இறங்கி வந்த மாடி வீட்டுக்காரி, மாடிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். "பாட்டில்தாம்மா வெடிச்சிருக்கு. கெடுதல் இல்லாத காத்து. இதுக்கா பயந்தீங்க?"

"எந்தக் காத்தும்மா கெடுதல்னு சொல்லிக்கிட்டு வருது?" என்றேன்.

அவள், சிந்திய தண்ணி பட்டிருந்த தன் விரலை முகர்ந்து பார்த்தாள். "நல்ல வாசனையாத்தானம்மா இருக்கு" என்றாள், நிஜமாகவே புரியாமல்.

எனக்குக் கோபம் வரவில்லை. கம்பெனிகளுக்கு நடுவே இருக்கிற எங்கள் ஊரிலிருந்து ஒரு மணி நேரப் பஸ் தூரம்தான் சிதம்பரம். நெடி வந்தால் ஓடணும் என்று தெரியாமலே அங்கே ஒருத்தி வளர்ந்திருக்கிறாளே என்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.