மூக்கில்லாமல் தின்ற வேலூரும் ஆம்பூரும்

காலை ஏழு மணி வண்டியில் சென்னையிலிருந்து காட்பாடிக்குப் புறப்பட்டேன். எண்பது மைல், மூன்றாம் வகுப்பு. வேலூர், ஆம்பூர்ப் பக்கத்துச் சாப்பாட்டுக் கடைகளையும் மிட்டாய்க் கடைகளையும் பற்றி ஒரு வாரப் பத்திரிகை கட்டுரை கேட்டிருக்கிறது என்று என் மனைவி காமாட்சியிடம் சொல்லியிருந்தேன். அது உண்மைதான். சொல்லாத காரணம் ஒன்றும் உண்டு. நான்கு மாதத்துக்கு முன்பு வந்த காய்ச்சல் போகும்போது என் மூக்கையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. மூக்கு முகத்தில்தான் இருக்கிறது, கண்ணாடி அதன்மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. அதற்கு வேறு உத்தியோகம் இல்லை.

வாசனை போனால் ருசியும் கூடவே போய்விடும் என்று நான் படித்த எந்தப் புத்தகமும் எச்சரிக்கவில்லை. உப்பு தெரியும், புளிப்பு தெரியும், காரம் சுடும். அதற்கு மேல் எல்லாம் ஒன்றுதான். ரசம் என்பது புளித்த வெந்நீர். இருபத்திரண்டு வருஷமாக நான் முதல் கவளத்தை வாயில் போட்டதும் காமாட்சி, "எப்படி இருக்கு?" என்று கேட்பாள். "பெருங்காயம் ஒரு சிட்டிகை கூட" என்பேன், "நெய் புதுசா?" என்பேன். அவள் மறுப்பாள். குழந்தை இல்லாத வீட்டில் எங்களுக்குள் நடக்கும் பேச்சில் பாதி அதுதான். நான்கு மாதமாகக் குத்துமதிப்பாகப் பதில் சொல்லி வருகிறேன். அவளுக்குத் தெரிவதற்குள் மூக்கை எப்படியாவது மீட்டுவிட வேண்டும். வேலூரில் ஒரு டாக்டர் இந்த விஷயத்தில் கெட்டிக்காரர் என்று சொன்னார்கள்.

பத்தரை மணிக்குக் காட்பாடி. வேலூருக்கு ஐந்து மைல் ஜட்கா, நாலணா. பாலாற்றுப் பாலத்தின் மேல் போகும்போது வண்டிக்காரன் கேட்டான்:

"ஆஸ்பத்திரிக்கா சாமி?"

"பார்த்தால் நோயாளி மாதிரி இருக்கிறேனா?"

"வெளியூர்லேந்து வர்றவங்க வேற இன்னாத்துக்கு வருவாங்க? ஒண்ணு ஆஸ்பத்திரி, இல்லாட்டி ஜெயிலு."

"சாப்பிட வந்திருக்கிறேன்."

அவன் குதிரையை விட்டுவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தான். "சாப்புடவா? பட்டணத்துலேந்தா?" என்றான். அதற்குப் பிறகு ஊர் வரும்வரை அவன் என்னுடன் பேசவில்லை.

டாக்டர் சின்னச் சின்னப் புட்டிகளை ஒவ்வொன்றாக என் மூக்கடியில் காட்டினார். கற்பூரம், காப்பிப்பொடி, பெருங்காயம், மண்ணெண்ணெய். பள்ளிக்கூடத்தில்கூட நான் இவ்வளவு தீர்மானமாக எந்தப் பரீட்சையிலும் தோற்றதில்லை. அவர் புட்டிகளை மூடிவிட்டு, "சிலருக்குத் திரும்பி வரும், சிலருக்கு வராது. நாலு மாசம் ஆயிடுச்சே" என்று இழுத்தார். பிறகு, "நாளைக்கு ஆம்பூர் வரைக்கும் போயிட்டு வாங்க. தோல் பதனிடற எடத்துல போய் நில்லுங்க. அந்த நாத்தம் லேசா எட்டினாலும் நம்பிக்கை உண்டு. அதுவும் எட்டலேன்னா, அதைவிட வீரியமான புட்டி எங்கிட்ட இல்லை" என்றார்.

பகல் ஒரு மணி. கடைவீதிக்குப் பக்கத்தில் ஒரு காப்பி ஓட்டல். உள்ளே தட்டி கட்டி இரண்டாகப் பிரித்திருந்தார்கள். தட்டிக்கு அந்தப் பக்கம் பிராமணர்கள், இந்தப் பக்கம் மிச்சமுள்ள உலகம். சாம்பார் மட்டும் ஒரே அண்டாவிலிருந்து இரண்டு பக்கமும் போய்வந்தது. சாப்பாடு மூன்றணா. கட்டுரைக்கு ஏதாவது வேண்டுமே என்று பக்கத்து இலைக்காரரிடம், "சாம்பார் எப்படி?" என்று விசாரித்தேன்.

"இன்னா, உன் எலையில ஊத்துனதும் அதான?"

"இருந்தாலும் உங்கள் அபிப்பிராயம்..."

அவர் இலையைக் கொஞ்சம் நகர்த்திக்கொண்டார். ஆகவே வேலூர் சாம்பாரைப் பற்றி வாசகர்களுக்கு நான் சொல்லக்கூடியது, அது சூடாக இருக்கிறது என்பதுதான்.

மாலை நாலு மணிக்கு ஒரு மிட்டாய்க் கடை. பாதுஷா, ஜாங்கிரி, ஆர்க்காட்டில் பேர் பெற்ற மக்கன் பேடா, மூன்றும் ஓரணாவுக்குக் கிடைத்தன. பாதுஷா பல்லில் உதிர்ந்தது. ஜாங்கிரி நொறுங்கிப் பாகு விட்டது. மக்கன் பேடா கடிக்கும் முன்பே கரைந்து, உள்ளேயிருந்து ஒரு முந்திரித் துண்டு மட்டும் பல்லில் நின்றது. மூன்றையும் பல்லை வைத்து அடையாளம் கண்டுவிட்டேன். நாக்கைக் கேட்டால் மூன்றுக்கும் ஒரே பெயர், சர்க்கரை.

நான் மெதுவாகத் தின்பதைக் கடைக்காரர் ரசனை என்று எடுத்துக்கொண்டார் போலிருக்கிறது. "கையக் காட்டுங்க சாமி" என்று என் புறங்கையில் ஒரு சொட்டு நெய்யைத் தேய்த்தார். முகர்ந்து பார்த்து நெய்யைத் தேர்வது இந்தப் பக்கத்து வழக்கம். நான் கண்ணை மூடி நீளமாக மூச்சிழுத்தேன். நாலு மாதப் பழக்கத்தில் நடிப்பு நன்றாக வந்துவிட்டிருந்தது.

"அபாரம். இந்த மாதிரி நெய்யை நான் சென்னையிலேயே பார்த்ததில்லை."

கடைக்காரர் முகம் கறுத்தது. "அது எதுத்த கடக்காரன் நெய்யி. காறிப் போனது. அத மொதல்ல தேச்சிட்டு அப்புறம் நம்ம நெய்யத் தேய்ப்பேன், வித்தியாசம் தெரியட்டும்னு." டப்பாவை மூடி வைத்துவிட்டார். அவர் நெய்யை எனக்குத் தேய்க்கவேயில்லை. தேய்த்தும் பயன் இல்லை என்பது அவர் அபிப்பிராயம். என் அபிப்பிராயமும் அதுதான்.

மறுநாள் காலை காட்பாடியில் மறுபடி ரயில். ஆம்பூருக்கு முப்பத்திரண்டு மைல். குடியாத்தத்தில் ஏறிய லுங்கி வியாபாரி ஒருவர் வெற்றிலை மென்றுகொண்டு சந்தோஷமாக வந்தார். ஆம்பூர் நெருங்கியதும் திடீரென்று துண்டால் முகத்தைக் கட்டிக்கொண்டார். ஒரு அம்மாள் குழந்தையின் மூக்கைப் பிடித்தாள். ஜன்னல் சட்டர்கள் படபடவென்று இறங்கின. நான் மட்டும் சட்டரை உயர்த்தித் தலையை வெளியே நீட்டி, நெஞ்சு கொள்ளும் மட்டும் இழுத்தேன். காற்று வந்தது. குளிர்ச்சியான, சுத்தமான, ஒன்றுமில்லாத காற்று.

வண்டியை விட்டு இறங்கியதும் ஒரு சாயபு சலாம் வைத்தார். எதிர்ப் பலகையில் என்னைப் போலவே மூக்கை மூடாமல் வந்தவர்.

"பட்டணத்துல பெரியமேட்டுத் தோல் மண்டியிலேந்து வர்றீங்களா மொதலாளி? தோல் பாக்கவா?"

"எப்படித் தெரிந்தது?"

"எல்லாரும் மூக்க மூடுனாங்க. நீங்க தலைய வெளிய நீட்டிப் பாக்குறீங்க. இதுக்கு ஜோசியமா பாக்கணும்? நான் கரீம். தரகு. மொதல்ல பிரியாணி, அப்புறம் சரக்கு."

மறுத்திருக்க வேண்டும். ஆனால் இரண்டு நாளில் என்னைப் பார்த்துச் சந்தோஷப்பட்ட முதல் மனிதர் அவர்.

பதினொரு மணிக்குக் கூரைக் கடை ஒன்றில் உட்கார்ந்தோம். தட்டு இரண்டணா. பெரிய தேக்சாவின் மூடியை மாவு வைத்து ஒட்டியிருந்தார்கள். கரீம் சாயபு அடுப்புக்காரரிடம், "நம்ம மொதலாளிக்கு மொதக் கரண்டி" என்று உத்தரவு போட்டார். நான் அவருக்குச் சென்னை மழையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். மூடியைத் திறந்தார்கள். கடை முழுவதும் சட்டென்று பேச்சை நிறுத்தியது. தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தவர் லோட்டாவைக் கீழே வைத்தார். அந்த நிசப்தத்தில் ஒரு குரல் மட்டும் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது. அது என் குரல்.

சோறு உதிரியாக இருந்தது. கறி எலும்பை விட்டுத் தானாகக் கழன்றது. கத்தரிக்காய் புளித்தது. தயிர் வெங்காயம் குளிர்ந்தது. எழுதக்கூடியது இவ்வளவே.

பிறகு ஆற்றோரத்தில் இருந்த தோல் ஷாப்புக்குக் கூட்டிப் போனார். சுண்ணாம்புத் தொட்டிகளில் தோல்கள் ஊறிக் கிடந்தன. பக்கத்தில் ஆவாரம்பட்டைத் தண்ணீர் இரத்தம்போல் சிவந்து நின்றது. தொட்டியின் விளிம்பில் குனிந்து நின்றேன். கால் மணி, அரை மணி. கண்ணில் நீர் வந்தது. கொஞ்சம் நம்பிக்கையும் வந்தது.

"அது சுண்ணாம்பு மொதலாளி. எல்லாருக்கும் கண்ணு எரியும். சரக்கு அந்தப் பக்கம், தொட்டிக்குள்ள இன்னாத்தத் தேடுறீங்க?"

சொல்லிவிட்டேன். பெரியமேடு இல்லை, தோல் இல்லை, காய்ச்சல், புட்டிகள், எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் சிரித்தார்.

"இதுக்கா பேஜார்? பொறந்ததுலேந்து இங்கயே கெடக்குறேன். இந்த நாத்தம் எனக்கும்தான் தெரியாது, தோஸ்த்." பிறகு சிரிப்பு நின்றது. "ஆனா பிரியாணி வாசனை தெரியும். அப்போ உங்களுக்கு அந்த மூடியத் திறந்தப்போ...?"

"ஒன்றுமில்லை."

"ஒண்ணுமேவா?" அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "அடப் பாவமே. மொதக் கரண்டிய வேற உங்களுக்குப் போடச் சொன்னேனே" என்றார். யாரோ இறந்துபோன வீட்டில் பேசுகிற குரல் அது. ஸ்டேஷன் வரை வந்து வழியனுப்பினார். கடைத்தெருவில் அரைச் சேர் மக்கன் பேடா வாங்கிக் கொடுத்து, "வூட்லயாவது சாப்புடட்டும்" என்றார்.

ஒன்றரை மணி வண்டி. நூற்றுப் பன்னிரண்டு மைல். ஏறும்போது நெரிசலாக இருந்த பலகை மெல்ல மெல்லக் காலியாயிற்று. அரக்கோணத்தில் நான் காலை நீட்டிப் படுத்துக்கொள்ளும் அளவுக்கு இடம் விட்டிருந்தார்கள். என் நரைக்குக் கிடைத்த மரியாதை என்று நினைத்தேன்.

விளக்கு வைக்கும் நேரத்தில் வீடு. கதவைத் திறந்த காமாட்சி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு இரண்டடி பின்னால் போனாள்.

"என்னாங்க இது? எங்க விழுந்தீங்க?"

"விழவில்லையே. ஏன்?"

"தெருவே நாறுதுங்க! வழியெல்லாம் இப்படியேவா வந்தீங்க?"

கரீம் சாயபு எச்சரித்திருப்பார், அவருக்குத்தான் அது தெரியாதே. ஆசாமி நல்லவர். நான் பொட்டலத்தை நீட்டினேன். அவள் வாங்கவில்லை. என் சட்டையைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள், மூக்கைப் பொத்தியிருந்த கை மெதுவாக இறங்கியது.

"உங்களுக்குத் தெரியலையா?"

பொய் ஒன்று நாக்கு வரைக்கும் வந்தது. அங்கேயே நின்றுவிட்டது.

"எப்பலேந்து?"

"காய்ச்சலிலிருந்து."

"நாலு மாசமா?" என்றாள். அவ்வளவுதான். கிணற்றடியில் வெந்நீர் வைத்தாள்.

வாசகர்களுக்கு என் சிபாரிசு: ஆம்பூர்ப் பிரியாணி மிகவும் நன்றாக இருக்கும் என்று கேள்வி. மூடி திறக்கும்போது யாரும் பேசிக்கொண்டிருக்க வேண்டாம். வேலூரில் நெய் தேய்த்தால் இரண்டாவது சொட்டு வரும்வரை பொறுத்திருக்கவும்.

மறுநாள் பகலில் இலை போட்டாள். முருங்கைக்காய் சாம்பார் என்பது கண்ணுக்குத் தெரிந்தது. முதல் கவளத்தை வாயில் போட்டேன். சொல்ல வேண்டியதைக்கூடத் தயாராக வைத்திருந்தேன், இந்தத் தடவை உண்மையை. காமாட்சி கரண்டியோடு எதிரே நின்றுகொண்டிருந்தாள். பிறகு மோர்ச் சட்டியை எடுத்துவரச் சமையலறைக்குள் போய்விட்டாள். எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை.