அழுத்தத்தைக் குறைக்கச் சொன்னேன்

என் மகள் அடையாறு பக்கம் ஓர் ஆய்வுக்கூடத்தில் செம்பும் நைட்ரஜனும் சேர்ந்த செம்பு நைட்ரைடு படிகங்கள் செய்கிறாள். கண்ணுக்கே தெரியாத அளவு சின்னவை. செம்பு உப்பை எஃகுக் கலத்தில் போட்டு, அமோனியா வாயுவை அடைத்துச் சூடேற்றுவார்கள் என்பதுவரை எனக்குப் புரியும்.

போன வாரம் அந்தக் கலத்தின் மூடியோரம் வாயு கசிந்துவிட்டது. அவள் வெளியே ஓடி வந்துவிட்டாள். கண்ணுக்குச் சொட்டு மருந்து, கொஞ்சம் இருமல், அவ்வளவுதான் என்றார் டாக்டர். எனக்கு அப்படி இல்லை. குக்கர் விசில் கேட்டாலே அடுப்பை அணைக்க ஓடினேன். கடைசியில் குக்கரையே பரணில் ஏற்றிவிட்டேன். வெள்ளிக்கிழமை சுண்டலுக்குக் கொண்டைக்கடலையைத் திறந்த பாத்திரத்தில் வேகவைத்தேன். மதியம்வரை கொதித்தும் சரியாக வேகவில்லை. மகள் மென்றுகொண்டே இருந்தாள்.

பிறகு, திங்கட்கிழமை வேலைக்குப் போகிறேன் என்றாள். போகாதே என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். வந்தது வேறு.

"பிரஷரையாவது கொஞ்சம் கொறைச்சு வையேன்."

இந்த முறை கூட்டத்தான் போகிறாளாம். அழுத்தம் போதவில்லை என்றால் சூட்டில் நைட்ரஜன் பிரிந்து போய்விடுமாம். கைப்பேசியில் ஒரு குப்பியின் படத்தைக் காட்டினாள். உள்ளே செந்நிறத் தூள், தேய்த்து வைத்த பூஜைப் பாத்திரம் மாதிரி மினுமினுத்தது.

"நல்லாத்தானே இருக்கு?"

"அதுதாம்மா ஃபெயிலானது. கொறைச்சு வெச்சதுல வெறும் செம்புதான் மிஞ்சிச்சு."

குறைத்து வைத்தால் பத்திரம் என்றுதான் இத்தனை வருடம் குடும்பம் நடத்தியிருக்கிறேன். இங்கே அது பொருந்தவில்லை. ஏன் என்று அவள் இரண்டு முறை விளக்கினாள். தலையாட்டினேனே தவிர, மனதில் நிற்கவில்லை. எனக்குத் தெரிந்த ஒன்றை மட்டும் கேட்டேன்.

"கேஸ்கட் மாத்தினாங்களா?"

"நானே மாத்திட்டேன்மா."

அதைக் கேட்டு நிம்மதி வந்ததா, பயம் கூடியதா, இப்போதும் சொல்லத் தெரியவில்லை.

புதன்கிழமை மாலை ஒரு படம் அனுப்பினாள். குப்பியில் கரி மாதிரி கறுப்புத் தூள். ஏதோ எரிந்துவிட்டது என்றே நினைத்தேன். கீழே எழுதியிருந்தாள்: 'எக்ஸ்ரேல பாத்தாச்சு. நைட்ரைடு வந்துடுச்சு!'

'நீ எப்ப வர்ற?' என்று பதில் போட்டேன்.

பஸ் ஏறிவிட்டேன் என்று அவளிடமிருந்து பதில் வந்த பிறகுதான் பரணிலிருந்து குக்கரை இறக்கினேன். கடலையைப் போட்டு மூடி, வெயிட்டை மட்டும் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தேன்.