டிபன் பாட்டுக்காரி

ரேணுகா பாடக் கற்றுக்கொண்டது இட்லிக்கும் ஆம்லெட்டுக்கும் நடுவில். திருவிடந்தைக் கடற்கரையில் ஒரு ரிசார்ட். காலை டிபனுக்கு வருகிறவர்களிடம் ரூம் நம்பர் கேட்டு எழுதுவது அவள் வேலை. ஹாலில் தினமும் அதே நாற்பது ஆங்கிலப் பாட்டுகள் ஓடும். கம்ப்யூட்டரில் அந்த ஃபோல்டருக்கு 'டிபன்' என்று பெயர். இரண்டு வருடம் கேட்டால் யாருக்குத்தான் மனப்பாடம் ஆகாது? அதை ஜாஸ் என்பார்கள் என்று அவளுக்குத் தெரியாது. டிபன் பாட்டு என்றே நினைத்திருந்தாள்.

சனிக்கிழமை சாயங்காலங்களில் அங்கே சாக்ஸபோன் வாசிப்பவர் தீனதயாளன். செங்கல்பட்டுக்காரர். மற்ற நாட்களில் கல்யாண ஊர்வல பேண்டு. ஒரு சனிக்கிழமை, சென்னையிலிருந்து வரவேண்டிய பாடகிக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. மேனேஜர் தலையில் கை வைத்து உட்கார்ந்தார். நாப்கின் மடித்துக்கொண்டே டிபன் பாட்டு ஒன்றை முணுமுணுத்த ரேணுகாவைத் தீனதயாளன் திரும்பிப் பார்த்தார்.

"இன்னாம்மா, இந்தப் பாட்டு உனுக்குத் தெரியுமா?"

"நாப்பதும் தெரியும் சார்."

அன்றைக்குப் பதினொன்று பாடினாள். அடுத்த மாதம் ரூம் நம்பர் கேட்க வேறு ஆள் வந்துவிட்டது. ஒரே வருடத்தில் சென்னையிலும் புதுச்சேரியிலும் கூப்பிட்டார்கள். பத்திரிகையில் போட்டோ வந்தது.

அப்பா ராஜாராம் மட்டும் கேட்க வரவில்லை. திருக்கழுக்குன்றம் பக்கத்தில் மைக் செட் வாடகைக்கு விடுகிறவர் அவர். காதுகுத்து, கூழ் வார்ப்பது, கட்சிக் கூட்டம் என்று சுற்றுவட்டாரத்தின் சத்தமெல்லாம் அவர் ஸ்பீக்கர் பெட்டி வழியாகத்தான் வரும். மகள் ஓட்டலில் பாடுவது அவருக்குப் பிடிக்கவில்லை. வாராவாரம் கூப்பிடுவாள். "ஆர்டர் கீதும்மா" என்பார். ஊருக்கெல்லாம் மைக் கொடுக்கிற மனுஷர் தன் பாட்டை ஒரு தடவைகூடக் கேட்கவில்லையே என்று அவளுக்கு வலித்தது. பத்திரிகைப் போட்டோவால் அந்த வலி தீரவில்லை.

புரட்டாசி வந்தது. கல்யாணம் இல்லை, ஆர்டர் இல்லை, சாக்கும் இல்லை. ஒரு சனிக்கிழமை ராஜாராம் வெள்ளை வேட்டியில் ரிசார்ட்டுக்கு வந்து கடைசி நாற்காலியில் உட்கார்ந்தார்.

ரேணுகா பாதிப் பாட்டைப் பாடிவிட்டு வழக்கம்போல ஒதுங்கி நின்றாள். நடுவில் சாக்ஸபோன் தனியாக வாசிக்கும், பாடுகிறவள் சும்மா நிற்க வேண்டும். அதுதான் அந்தச் சங்கீதத்தின் முறை. ராஜாராமின் முப்பது வருட அனுபவம் வேறு மாதிரி. பாடுகிறவள் பாதியில் வாயை மூடினால் மைக் போய்விட்டது என்று அர்த்தம். போதாததற்கு, சாக்ஸபோனுக்காக ஜனங்கள் கைதட்டினார்கள். பெண்ணைக் கேலி செய்கிறார்கள் என்று அவருக்கு ரத்தம் கொதித்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மேடை ஏறினார். ஒயரைப் பிடித்துக்கொண்டே போய் ஒவ்வொரு ப்ளக்காக அழுத்தினார். மைக்கைத் தட்டினார்.

"ஹலோ, மைக் டெஸ்டிங். ஒன், டூ, த்ரீ."

கடற்கரை வரைக்கும் கேட்டது. தீனதயாளன் நிறுத்தவில்லை. ஊர்வலத்தில் மாடு குறுக்கே வந்தபோதே நிறுத்தாதவர்.

"மைக் நல்லாத்தான் கீது நைனா," என்றாள் ரேணுகா. "இப்ப அவரு வாசிக்கணும், நான் நிக்கணும். அவ்ளோதான்."

"யாரும் உன்ன ஒண்ணும் சொல்லலியே?"

"இல்ல நைனா."

அவர் கீழே இறங்கவில்லை. ஸ்பீக்கர் பக்கத்திலேயே கைகட்டி நின்றார். அவள் முறை வந்தது. முதல் வரியை ஸ்பீக்கர் பக்கம் திரும்பியே பாடினாள். அத்தனை சந்தோஷம்.

முடிந்ததும் பஸ் ஸ்டாப் வரை கூட நடந்தாள். அவர் ஸ்பீக்கரைப் பற்றித்தான் பேசினார்.

"பொட்டி சரியில்ல. உன் கொரலு பாதிதான் வெளிய வருது. அடுத்த சனிக்கிழம நம்ம பொட்டிய ஏத்திகினு வரேன்."

"அன்னிக்கு ஆர்டர் எதுனா வந்துட்டா?"

ராஜாராம் பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தார்.

"இதான்மா ஆர்டரு."